ஆளுக்கு வைத்த இடம்

இறக்கக்கண்டியிலிருந்து காலை ஆறு ஐம்பதுக்குப் புறப்படும் பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், யன்னலோரமாக இருப்பவர் ஜமால்தீன். போர் முடிந்து பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியதிலிருந்து, பதினாறு வருடமாக அந்த இடம்தான். திருகோணமலை நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தின் பதிவறையில் வேலை. பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தால் இருந்த இடத்திலேயே வைப்பது. இரண்டுக்கும் வாயைத் திறக்கத் தேவையில்லை. மிச்ச நேரத்தில் புத்தகம் வாசிப்பார். ஊரில் அவரை ஆழமான மனிதர் என்பார்கள். பேசாதவனைப் பற்றி உலகம் வைத்திருக்கும் நல்லெண்ணம் அது. அது எவ்வளவு பிழையானது என்பது அவருக்கும் அவருடைய மனைவி றஹ்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அந்தப் பதினாறில் முதல் பத்து வருடம் பக்கத்து இடத்தில் யோசேப் இருந்தார். உள் துறைமுக வீதியில் ஒரு படகு திருத்தும் பட்டறையில் களஞ்சியக்காரர். சாம்பல்தீவுச் சந்தியில் ஏறுவார். அதற்குள் பஸ் நிரம்பிவிடும் என்பதால், ஜமால்தீன் இறக்கக்கண்டியில் ஏறிய கையோடு முகம் துடைக்கும் தன் லேஞ்சியை எடுத்து, நாலாக மடித்து, பக்கத்து இடத்தில் வைப்பார். லேஞ்சி கிடந்தால் அது ஆளுக்கு வைத்த இடம். அந்தப் பாதையில் எவரும் அதை எடுத்துவிட்டு இருக்கமாட்டார்கள்; கால் கடுத்தவனும் நிற்பானே தவிர லேஞ்சியில் கை வைக்கமாட்டான். யோசேப் ஏறுவார், லேஞ்சியை எடுத்து ஜமால்தீனிடம் நீட்டுவார், இருப்பார்.

"வெயில்," என்பார்.

"ஓம்," என்பார் ஜமால்தீன்.

மாரியில் "மழை" என்பார். அதற்கும் "ஓம்"தான். பத்து வருடத்தில் இருவரும் கதைத்தது அவ்வளவே. பிறகு ஜமால்தீன் புத்தகத்தைத் திறப்பார். யோசேப் அவருடைய தோளுக்கு மேலாக யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்கிறவனிடம் "என்ன புத்தகம்?" என்று கேட்காத ஒரே மனிதன் யோசேப் என்பது ஜமால்தீனின் கணிப்பு. அதைவிடப் பெரிய நட்பு ஒன்று இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்களின் பெயர்கள் ஜமால்தீனின் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போலவே இருந்தன. ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடிய முதல் நாள், யோசேப் சாம்பல்தீவுச் சந்தியில் ஏறினார், ஜமால்தீனைப் பார்த்தார், பக்கத்து இடத்தைப் பார்த்தார், நேரே போய் முன்கதவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளும் நின்றார். ஆறு வருடமாக அங்கேயேதான் நிற்கிறார்.

அந்தக் காலையை ஜமால்தீன் மனதுக்குள் பலமுறை சொல்லிச் சொல்லி மூன்று வசனமாகச் சுருக்கி வைத்திருந்தார்: 'லேஞ்சி கிடந்தது. பார்த்தார். பார்த்துவிட்டுப் போனார்.' நிறைய வாசித்தவர் என்பதால் அதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. றஹ்மாவிடம் சொன்னார். பள்ளிவாசலில் இரண்டு பேரிடம் சொன்னார். சொல்லும்போது கடைசி வசனத்துக்கு முன்னால் சற்று நிறுத்துவார்.

இனிச் சொல்லப்போவது அவருக்குப் பெருமை தருவதல்ல.

இறக்கக்கண்டியில் ஏறுகிறவர்கள், எல்லோரும் முஸ்லிம்கள், பத்துப் பேர் வரும். ஆளுக்கொரு யன்னலைப் பிடித்துவிடுவார்கள். நிலாவெளியில் கூட்டம் ஏறும். அந்த வருடம், பத்துப் பேருக்கும் பக்கத்தில் பத்து இடம் வெறுமையாகக் கிடக்க, ஏறியவர்கள் நடுவில் நெரிந்துகொண்டு நின்றார்கள். இருக்கப் போன ஒரு பிள்ளையைத் தாய் கையைப் பிடித்து இழுத்தாள். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்குவார்கள். பையைத் திறக்கச் சொல்வது அந்தப் பத்துப் பேரிடம் மட்டும். ஜமால்தீனின் பையிலிருந்த எண்ணூறு பக்க நாவலை ஓர் இளம் சிப்பாய் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தான். அந்த நாவலுக்கு அவ்வளவு பொறுமையான வாசகன் அதற்கு முன்போ பின்போ வாய்த்திருக்கமாட்டான்.

முதல் இரண்டு மாதம் ஜமால்தீனுக்கு நெஞ்சு கொதித்தது. மூன்றாம் மாதம் ஒன்றைக் கவனித்தார்: நாவல் முடிந்திருந்தது.

தோளை இடிக்க ஆளில்லை. "எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்ததா?" என்ற விசாரணை இல்லை. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், கால் நீட்டிக்கொண்டு வாசிப்பு. அவமானத்துக்குள் இப்படியொரு நூல்நிலையம் இருக்குமென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அதைக் கொஞ்சம் பராமரிக்கவும் தொடங்கினார். தாடியை இன்னும் நாலு விரல் வளரவிட்டார். வாயாடி முகத்தோடு யாராவது வந்தால் சட்டைப்பையிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டுவார். வந்தவர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். பள்ளிவாசலில் அவருடைய மார்க்கப் பேணுதலைப் பாராட்டினார்கள். றஹ்மா மட்டும், "ஈமான் கூடிட்டோ, ஆளுக்குச் சோம்பல் கூடிட்டோ?" என்று கேட்டார்.

கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் அடக்கவிடாமல் எரித்தார்கள். அவருக்கு மச்சான் முறையான ஒருவர் கொழும்பில் சாம்பலானார். பஸ்ஸில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அன்று புத்தகத்தின் ஒரே பக்கம் நகரம் வரைக்கும் திறந்தபடி கிடந்தது. முன்கதவடியில் நின்ற யோசேப் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததாகத்தான் நினைவு.

பிறகு பெற்றோல் இல்லாமற்போன வருடம் வந்தது. மூன்று நாள் வரிசையில் நின்றவனுக்கு முன்னால் நிற்பவன் யார் என்ற கேள்வி மறந்துபோனது. எத்தனையாவது ஆள் என்பதுதான் கேள்வி. மோட்டார்சைக்கிள்காரர்களெல்லாம் பஸ்ஸுக்கு வந்தார்கள். கிடைத்த இடத்தில் இருந்தார்கள். இருந்தவர்கள் விலைவாசியைத் திட்டினார்கள். பக்கத்திலிருந்தவரும் சேர்ந்து திட்டவேண்டியிருந்தது. முன்பு ஜமால்தீனைப் பார்த்த கண்கள் வேறு ஆட்களைத் தேடிப் போய்விட்டன. பாலத்தடிச் சாவடியில் இப்போது ஒரு மாடு படுத்திருக்கிறது. நாடு திருந்திவிட்டதென்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். ஜமால்தீனும் சந்தோஷப்பட்டார். கால் நீட்ட இடமில்லாமல் சந்தோஷப்பட்டார்.

யோசேப் மட்டும் நின்றுகொண்டே வந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னர், மாறிய காலம் ஜக்சன் என்ற உருவில் சாம்பல்தீவுச் சந்தியில் ஏறியது. முப்பது வயதிருக்கும். நகரத்தில் நல்லிணக்கத்துக்கான ஓர் அமைப்பில் கள அலுவலர். முதல் நாளே பஸ்ஸை ஒரு பார்வை பார்த்து, இருப்பதிலேயே நீளமான தாடியைத் தெரிவுசெய்து பக்கத்தில் வந்து இருந்தான்.

"நானா, நான் ஜக்சன். எனக்கு முஸ்லிம் கூட்டாளிமார் கனபேர்."

அடுத்த நாள், "உங்கட புரியாணி எண்டா எனக்கு உயிர் நானா," என்றான். அதற்கடுத்த நாள் கத்னா, அதுதான் சுன்னத்து, பற்றி ஒரு சந்தேகம் கேட்டான். ஜமால்தீன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தார். மூன்று மாதமாக அங்கேயேதான் இருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை, பஸ் வெளிக்கிடுவதற்கு முன்னர், கொண்டக்டர் முனீப் அவரிடம் குனிந்தார். முனீப்பும் இறக்கக்கண்டிக்காரர், பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரின் வீட்டுக் கதையும் அவரிடம் இருக்கும்.

"நானா, தெரியுமா? யோசேப்பு அண்ணன் வெள்ளிக்கிழமையோட வேலைய விடுறாராம். மன்னாருக்கு மகள் ஜெனிதாட வீட்டோட போறாராம். இஞ்ச வளவையும் குடுத்தாச்சாம்."

ஜமால்தீன் தலையாட்டினார். பஸ் நிலாவெளியைத் தாண்டும்போதுதான் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்குப் பிறகு அந்தக் கம்பியடியில் யோசேப் நிற்கமாட்டார். ஆறு வருடமாக அந்த முதுகைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஒருநாள் அது திரும்பி வந்து பக்கத்தில் இருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் காத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. காத்திருக்கிறேன் என்று தன்னிடம்கூடச் சொல்லாத அளவுக்குப் பேசாத மனிதர்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே குசினிக்குப் போனார். றஹ்மா மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"ஒரு லேஞ்சி இரிக்கா?"

"என்னத்துக்கு? ஆறு வருஷமா சட்டைக் கையில முகம் துடைக்கிற மனுசன்."

"யோசேப்பு வெள்ளியோட போறாராம். மன்னாருக்கு."

றஹ்மா கத்தியை வைத்தார். "அல்லாஹ். அப்ப போய்க் கதையுங்களன்."

"நான் எதுக்குக் கதைக்க? நான் லேஞ்சிய வைப்பன். இருக்கிறதெண்டா இருக்கட்டும். அண்டைக்கும் லேஞ்சி கிடந்தது. பார்த்தார்." வழக்கம்போல் சற்று நிறுத்தினார். "பார்த்துட்டுப் போனார்."

"எந்த லேஞ்சி?"

"அண்டைக்கு வச்ச லேஞ்சி."

"அண்டைக்கு நீங்க லேஞ்சி கொண்டு போகல்லயே."

ஜமால்தீன் சிரித்தார். றஹ்மா சிரிக்கவில்லை.

"மடிச்சி உங்கட கையில தந்தன். 'இண்டைக்கு வாணா' எண்டு அலுமாரிக்கு மேல வச்சிட்டுப் போனீங்க. அந்த நோன்பு முழுக்க அலுமாரிக் கண்ணாடிய அதாலதான் நான் துடைச்ச."

"அப்ப ஆறு வருஷமா நான் சொல்லச் சொல்ல ஏன் பேசாம இருந்த?"

"உங்களுக்கு அதைச் சொல்றதில ஒரு சந்தோஷம். இந்த வீட்டில நீங்க கதைக்கிறதே ரெண்டு கதை. அதில ஒண்ட நான் எதுக்குக் கெடுக்க?" என்று சொல்லிவிட்டு, றஹ்மா மீனின் தலையை எடுத்து அரியத் தொடங்கினார்.

ஜமால்தீன் கதிரையில் போய் இருந்தார். அலுமாரி எதிரில் நின்றது.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்தக் காலை பஸ்ஸடியில் முனீப் சொன்னது நினைவுக்கு வந்தது: யோசேப்பின் தங்கை மக்டலினின் மகள் நீர்கொழும்பில் குண்டு வெடித்த கோயிலுக்குள் இருந்தவளாம், காலில் காயமாம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். இல்லை, அதை முனீப் சொன்னது முதல் நாள் பின்னேரம். அதனால்தான் அந்த இரவு முழுக்க யோசேப்பிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். முன்னூறு புத்தகம் வாசித்த மனிதருக்கு ஒரு வசனம் அகப்படவில்லை. காலையில் லேஞ்சியை மேலே வைத்துவிட்டுப் போனார். யோசேப்பைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாக ஒரு நல்ல காரணம் இப்போது எழுந்து வந்தது. அது அந்தக் கதிரையில் வைத்து அந்த நிமிடத்தில் செய்த காரணம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. உண்மை சின்னது. வைத்த லேஞ்சியை ஒருவர் தொடாமல் போவதைப் பார்க்க அவருக்குப் பயம். வைக்காவிட்டால் அதைப் பார்க்கத் தேவையில்லை.

ஆகவே யோசேப் ஏறியபோது, பத்து வருடத்தில் முதல் தடவையாக, அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைத்தான் அவர் பார்த்தார்.

மற்ற ஒன்பது வெறும் இடங்களும் உண்மை. தாய் இழுத்த பிள்ளை உண்மை, திறந்த பை உண்மை, கொழும்பில் எரிந்த மச்சான் உண்மை. அவ்வளவு உண்மைக்கு நடுவில் தன்னுடைய ஒன்றையும் கொண்டுபோய் வைத்துவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது! பாதிக்கப்பட்டவர் என்ற பதவியில் ஆறு வருடம், ஒரு நாள் லீவும் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை லேஞ்சியோடு ஏறினார். புதிது, நீலக் கரை. நாலாக மடித்து வைத்தார். நிலாவெளியில் ஏறியவர்கள் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. சாம்பல்தீவுச் சந்தியில் யோசேப் படியில் கால் வைப்பதற்குள், அவருக்குப் பின்னால் நின்ற ஜக்சன் பின்கதவால் பாய்ந்து ஏறிவந்தான். அவன் பஸ்ஸுக்குப் புதியவன்.

"நானா, உங்கட லேஞ்சி விழுந்து கிடக்கு," என்று எடுத்து, தூசி தட்டி, அவருடைய கையில் வைத்து, இருந்தான்.

முன்னால் யோசேப்பின் தலை அரைவாசி திரும்பியிருந்தது. லேஞ்சியைக் கண்டாரா இல்லையா என்று சொல்ல ஏலாது. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை லேஞ்சியோடு சோற்றுப் பையையும் வைத்தார். ஜக்சன் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நான் வச்சிருக்கிறன் நானா, நீங்கள் வசதியா இருங்கோ." வேறு வழியில்லாமல் ஜமால்தீன் தன் பழைய ஆயுதத்தை வெளியே எடுத்தார். முகத்தைக் கடுமையாக்கி, தாடியை நீவி, தஸ்பீஹ் மணியை உருட்டினார். ஆறு வருடத்தில் ஒருநாளும் பிழைக்காத ஆயுதம்.

"தஸ்பீஹ்தானே நானா?" ஜக்சனின் முகம் மலர்ந்தது. "எங்கட செபமாலை மாதிரித்தான். ஒருக்காப் பாக்கலாமோ?" வாங்கினான். எண்ணினான். செபமாலையில் எத்தனை மணி என்று சொன்னான். பிறகு இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். "கோவிக்காதேங்கோ, எங்கட பக்கத்தில போடத்தான்."

அந்தப் படத்தில் ஜமால்தீன் எப்படி இருந்தார் என்பதை முனீப் பின்னேரம் ஃபோனில் காட்டினார். பல்லுக்கொதியோடு இருக்கும் ஒரு மார்க்க அறிஞர் மாதிரி இருந்தார். கீழே நாற்பத்துமூன்று பேர் இதயம் போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில், மங்கலாக, கம்பியைப் பிடித்த ஒரு கை.

வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் இல்லை. ஜமால்தீன் வீட்டுக்குள் நடந்தார். "தம்பி, இது ஆளுக்கு வச்ச இடம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு மாதிரியும் சொல்லிப் பார்த்தார். "ஆருக்கிட்டக் கதைக்கிறீங்க?" என்று றஹ்மா குசினியிலிருந்து கேட்டார். "ஒருத்தருக்கிட்டயும் இல்ல." "அதுதானே பாத்த."

வெள்ளிக்கிழமை. யோசேப் வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. பட்டறையில் கொடுப்பதற்காக இருக்கும். மெல்ல முன்படியில் ஏறினார். அதற்குள் ஜக்சன் மூன்றாவது வரிசைக்கு வந்து லேஞ்சியை நோக்கிக் குனிந்திருந்தான். ஜமால்தீன் லேஞ்சியின்மேல் கையை வைத்தார்.

"தம்பி, இது ஆளுக்கு வச்ச இடம்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். பதினாறு வருடமாக அந்தப் பஸ்ஸில் பாவிக்காத குரல். எவ்வளவு வரும் என்று அவருக்கே தெரியாது. சாரதி கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன நானா?"

"ஆள் இரிக்கி. வருவார்."

ஜக்சனின் முகம் விழுந்தது. "நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ? படம் போட்டதாலயோ? நான் வித்தியாசம் பாக்கிற ஆளில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே நானா."

பின்வரிசையில் மீன்கூடையோடு இருந்த பெண் யாருக்கும் சொல்லாத மாதிரி எல்லோருக்கும் சொன்னாள். "பொடியன் எவ்வளவு ஆசையா வந்து இருக்கிறவன். அவருக்குத்தான் பிடிக்கேல்ல. தங்கட ஆக்களுக்கு மட்டும்தான் இடம்."

"இப்பதான் எல்லாம் ஒரு மாதிரிச் சரிவந்துகொண்டிருந்தது," என்றார் இன்னொருவர், பெருமூச்சோடு.

முனீப் நெரிசலுக்குள்ளால் புகுந்து வந்து காதில் சொன்னார்: "நானா, மானத்த வாங்காதீங்க. இனி ரவுண் வரைக்கும் நம்மட ஆக்கள் ஒருத்தரும் ஏறமாட்டாங்களே. ஆருக்கு வச்சிரிக்கிற?"

ஊர் முழுக்கச் சேர்ந்து ஆறு வருடமாகக் கட்டிய நல்ல பெயரை, ஒரு முழத் துணியால் தான் ஒருவனே இடித்துக்கொண்டிருப்பது ஜமால்தீனுக்கு விளங்கியது. வியர்த்தது. துடைக்க வேண்டிய லேஞ்சியோ இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

"யோசேப்புக்கு," என்றார்.

பஸ் முன்கதவைப் பார்த்தது. யோசேப் கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றார்.

"நான் இஞ்ச நிக்கிறன்," என்றார் திரும்பாமலே. "இன்னும் கொஞ்சத் தூரம்தானே."

ஜமால்தீன் சுவரோடு பழகிப் பார்த்த வசனங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பத்து வருடமாக அவரிடமும் யோசேப்பிடமும் இருந்தது ஒரே ஒரு கதைதான். அதையும் தொடங்குவது யோசேப்பின் பங்கு.

"வெயில்," என்றார் ஜமால்தீன்.

யோசேப் திரும்பினார். ஜமால்தீனைப் பார்த்தார். லேஞ்சியைப் பார்த்தார். பாலம் வந்தது, போனது. படுத்திருந்த மாடும் போனது.

"ஓம்," என்றார்.

வந்தார். ஜக்சன் ஒன்றும் விளங்காமல் வழி விட்டான். யோசேப் லேஞ்சியை எடுத்துப் பழைய பழக்கத்தில் நீட்டினார். ஜமால்தீன் வாங்க மறந்துபோனார். அது யோசேப்பின் கையிலேயே இருந்தது. கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தோளுக்கு மேலாக யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

உப்புவெளி வரைக்கும் இருவரும் பேசவில்லை. அது பழைய மௌனம் மாதிரி இருந்தது, ஆனால் அதுவல்ல. பழையதற்குள் ஒன்றும் இருந்ததில்லை. இதற்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்காவிட்டால் இன்னும் பத்து நிமிடத்தில் மன்னாருக்குப் போய்விடும்.

"மருமகளுக்கு இப்ப எப்படி?"

"எந்த மருமகள்?"

"நீர்கொழும்பில. மக்டலின்ட மகள்."

யோசேப் அவரைத் திரும்பிப் பார்த்தார். வாயின் ஓரத்தில் என்னவோ அசைந்தது. "அவளுக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையள். மூத்தது நேர்சரிக்குப் போகுது."

"ஓ."

"கால் கொஞ்சம் இழுப்பு. மற்றப்படி சுகம்." கொஞ்சம் விட்டு, "கேட்டதெண்டு சொல்றன்," என்றார்.

சிரிக்கிறாரா என்று ஜமால்தீனுக்குத் தெரியவில்லை. சிரித்திருந்தால் அது நியாயம்தான்.

"அண்டைக்கு நான் லேஞ்சி வைக்கல்ல, யோசேப்பு."

"தெரியும்."

"நீங்க இருக்கமாட்டீங்க எண்டு நினைச்சன்."

பஸ் நகரத்துக்குள் நுழைந்தது. யோசேப் வெகுநேரம் பெட்டியின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லேஞ்சி இல்லாதது எனக்கு வசதியாப் போச்சு, ஜமால்தீன். கிடந்திருந்தா நானெல்லோ முடிவெடுக்க வேண்டி வந்திருக்கும். 'அவர்தான் வைக்கேல்ல, எனக்கென்ன' எண்டு நிண்டிட்டன். நிண்டு பழகிப்போச்சு. பேந்து வந்து இருக்க வெக்கம்."

"கிடந்திருந்தா?"

பஸ் நின்றது. யோசேப் எழும்பினார். கையிலிருந்த லேஞ்சியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார்.

"இருந்திருப்பன் எண்டு சத்தியம் பண்ண ஏலாது," என்றார். "அண்டைக்கு ஏலாது." பிறகு லேஞ்சியைத் தன் களிசான் பையில் வைத்துக்கொண்டு, கேக் பெட்டியை உயர்த்திப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

அந்தப் பதிலைப் பற்றி ஜமால்தீன் சனியும் ஞாயிறும் யோசித்தார். "இருந்திருப்பன்" என்று சொல்லியிருந்தால் அது இவ்வளவு நேரம் தன்னோடு இருந்திருக்காது என்று தோன்றியது. றஹ்மாவிடம் சொன்னபோது மூன்று வசனத்தில் அடங்கவில்லை. நிறைய எடுத்தது. றஹ்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புது லேஞ்சியும் போச்சா?" என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்து இடத்தில் அவர் ஒன்றும் வைக்கவில்லை. வைக்க ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைச் சங்கதி ஊருக்குப் பரவியிருந்தது. நிலாவெளியில் ஏறியவர்கள் அந்த இடத்தைக் கண்டு விலகிப் போனார்கள். "இண்டைக்கும் ஆள் வருவாரா நானா?" என்று முனீப் மரியாதையாகக் கேட்டார். காலை நீட்டினார் ஜமால்தீன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். நூற்றுப் பதின்மூன்று. நூற்றுப் பதினாலு. நாவலில் ஒரு கிழவர் கப்பலுக்குக் காத்திருந்தார். அருமையான கட்டம்.

சாம்பல்தீவுச் சந்தியில் ஜக்சன் ஏறினான். முன்கதவால் ஏறினான். மூன்றாவது வரிசையைப் பார்த்தான், வெறும் இடத்தைப் பார்த்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். யோசேப் பிடித்த அதே இடத்தில் அதே கம்பி.

ஜமால்தீன் வாசித்தார். கிழவர் இன்னும் கப்பலுக்குக் காத்திருந்தார். அதே வரியை மூன்று தரம் வாசித்தபின், ஆறு வருடம் என்பது எவ்வளவு சுலபமாகத் தொடங்குகிறது என்று நினைத்தார். இவ்வளவு அமைதி இனி இந்த வாழ்க்கையில் கிடைக்காது என்றும் நினைத்தார். பிறகு அடையாளத்துக்குத் தாளைக்கூட மடிக்காமல் புத்தகத்தை மூடி, பக்கத்து இடத்தில் வைத்தார்.

"தம்பி."

ஜக்சன் திரும்பினான். புத்தகத்தைப் பார்த்தான். "ஆளுக்கு வச்ச இடமோ நானா?"

"ஓம்."

"ஆருக்கு?"

"வாங்க," என்றார் ஜமால்தீன்.

அவன் வந்தான். புத்தகத்தை எடுத்தான், இருந்தான், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். முகம் மெல்ல மெல்ல மலர்வதை ஜமால்தீன் ஒரு கைதியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, இது என்ன புத்தகம்?"

நகரத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.